பேன்கேக் விற்றுத் தீயணைப்பு வண்டி வாங்குகிறார்கள்: இது அரசாங்கத்தின் வேலை இல்லையா?

வாசகர் கேள்வி, 9 மார்ச் 2024

பென்சில்வேனியாவுக்குக் குடிவந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நேற்று தபாலில் ஒரு கடிதம். உள்ளூர் தீயணைப்புக் கம்பெனி நன்கொடை கேட்கிறது. ஞாயிறு காலை பேன்கேக் விற்பார்களாம், அந்தப் பணத்தில் ஹோஸ் (தண்ணீர்க் குழாய்) வாங்குவார்களாம். சொத்துவரி கட்டியே முதுகு உடைகிறது, இதில் இது வேறு. தீயை அணைப்பது அரசாங்கத்தின் வேலை இல்லையா? எனக்கென்னவோ நாலு பேர் சிவப்பு வண்டி ஓட்டி விளையாடும் கிளப் என்றுதான் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 மார்ச், இரவு

கிளப் என்றதில் எனக்குக் கோபமில்லை. நானும் அப்படி ஒரு கம்பெனியில் உறுப்பினன், எங்கள் நிலையத்தின் கீழ்த்தளத்தில் துணி கிழிந்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றும் இருக்கிறது. விளையாட்டு என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

உங்களுக்குக் கடிதம் போட்டது டவுன்ஷிப்பின், அதாவது உள்ளூராட்சியின், இலாகா அல்ல. லாபநோக்கில்லாமல் தனியாகப் பதிவு செய்துகொண்ட சங்கம். கட்டடம் அவர்களுடையது, வண்டிகளும் பெரும்பாலும் அவர்களுடையவை. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு பக்கம், சீஃப், கேப்டன், லெப்டினன்ட் என்று இன்னொரு பக்கம். பெரும்பாலான கம்பெனிகளில் இவர்களை உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். டவுன்ஷிப் கொஞ்சம் பணம் கொடுத்து, இந்தப் பகுதி உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிடும். மீதி அவர்கள் பாடு. சம்பளம் கிடையாது.

ஏதோ மலையோர ஊர்களின் விசித்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். 2020 கணக்குப்படி அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்கள் சுமார் 10,41,000 பேர். அதில் 6,77,000 பேர் தன்னார்வலர்கள், நூற்றுக்கு 65. பெருநகரத்தை விட்டு வெளியே வந்துவிட்டால், ராத்திரி 2 மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற ஆள் காலை 8 மணிக்கு வேறு ஏதோ வேலைக்குப் போக வேண்டியவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அரசாங்க வேலையா இல்லையா என்பதற்கு வருகிறேன். அதற்கு 1736-க்குப் போக வேண்டும்.

10 மார்ச்

இன்று கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிய நாள். புகை அலாரத்துக்குப் புது பேட்டரி போட்டுவிட்டு வந்து படியுங்கள்.

சரி. பிலடெல்பியா, 1736 டிசம்பர் 7. பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் அவர் சகாக்களும் யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்குகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டே தன் பத்திரிகையில் தீ எச்சரிக்கையாக ஒரு கடிதம் வெளியிட்டிருந்தார். கனலை மண்வெட்டியில் அள்ளி ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் திறந்தபடி கொண்டுபோகாதீர்கள் என்றெல்லாம் அதில் இருக்கும். வருமுன் காக்கும் ஒரு அவுன்ஸ், வந்தபின் பார்க்கும் ஒரு பவுண்டு வைத்தியத்துக்குச் சமம் என்று இன்றைக்கு மருத்துவமனைச் சுவர்களில் எல்லாம் ஒட்டியிருக்கிறார்களே, அது இந்தத் தீக்கடிதத்தில் வந்த வரி.

கம்பெனியின் ஏற்பாடு எளிமையானது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் செலவில் தோல் வாளிகளும் பைகளும் வைத்திருக்க வேண்டும். வாளி தண்ணீருக்கு. பை எதற்கு என்றால், எரிகிற வீட்டுச் சாமான்களை அள்ளி வெளியே கொண்டுவர. அன்றைய கருவிகளை வைத்து வீட்டைக் காப்பாற்ற முடியும் என்று யாரும் பெரிதாக நம்பவில்லை, சாமானாவது மிஞ்சட்டும் என்ற கணக்கு. மாதம் ஒரு கூட்டம். வராவிட்டால் அபராதம். அந்த அபராதப் பணம் சேர்ந்துதான் பம்பும் ஏணியும் கொக்கியும் வந்தன.

நம் ஊர் மொய் நோட்டைப் போன்ற ஏற்பாடு இது. இன்றைக்கு உன் வீட்டுக்கு நான், நாளைக்கு என் வீட்டுக்கு நீ. கொஞ்சம் வித்தியாசம் உண்டு. பாஸ்டனில் இதற்கு முன்பே இருந்த சங்கங்கள் உறுப்பினர் சொத்தை மட்டும் காப்பதற்கானவை, ஃப்ராங்க்ளினின் ஆட்கள் ஊரில் யார் வீடு எரிந்தாலும் போனார்கள். என்னைக் கேட்டால் முழு விஷயமும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

உறுப்பினர் 30 பேருக்கு மேல் வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். இடம் கேட்டு வந்தவர்களிடம், நீங்களே தனியாக ஒன்று தொடங்குங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் பிலடெல்பியா முழுக்கக் கம்பெனிகள் பெருகின. பல பத்தாண்டுகள் கழித்து இதைப் பற்றி எழுதும்போது, அதற்குப் பிறகு ஒரே தீயில் ஒன்றிரண்டு வீடுகளுக்கு மேல் இந்த ஊர் இழந்ததில்லை என்கிறார் ஃப்ராங்க்ளின். தொடங்கியவர்களில் தானும் தன்னைவிட ஒரு வயது மூத்த ஒருவரும்தான் மிச்சம் என்றும் சொல்கிறார். மனிதர் தற்பெருமைக்குக் குறைவில்லாதவர், இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் நம்புகிறேன்.

ஆக, அரசாங்கம் கைவிட்ட வேலையை மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது தலைகீழான வரலாறு. பெரும்பாலான ஊர்களில் மக்கள்தான் முதலில் செய்தார்கள். அரசாங்கம் சில இடங்களில் பிற்பாடு வாங்கிக்கொண்டது, பல இடங்களில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

10 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

ஜார்ஜ் வாஷிங்டனும் தீயணைப்பு வீரர்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வர்ஜீனியாவில் அலெக்சாண்டிரியாவின் ஃப்ரெண்ட்ஷிப் கம்பெனி, 1774-ல் தொடங்கியது, அவர் எங்கள் ஆள் என்று மார்தட்டும். இந்த நாட்டில் வாஷிங்டன் தூங்காத சத்திரமும் இல்லை, சேராத சங்கமும் இல்லை. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

12 மார்ச்

மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு "ஆஹா, என்ன ஒரு சமூகம்" என்று உருகியிருக்கிறார் ஒரு தம்பி. உருகாதீர்கள், இன்னும் அசிங்கமான பகுதி வரவில்லை.

1800-களின் நடுவில் பெருநகரத் தன்னார்வக் கம்பெனிகள் அடிதடிக் கூட்டங்களாக மாறியிருந்தன. கைபம்பு வண்டிக் காலம் அது. வண்டியின் இரண்டு பக்கமும் நீளமான தடி, பக்கத்துக்குப் பத்துப் பேர் நின்று மாறி மாறி அமுக்கினால்தான் தண்ணீர் பீய்ச்சும். அமுக்குகிறவர்களுக்கு சில நிமிடத்திலேயே கை விட்டுவிடும், அடுத்த அணி ஏற வேண்டும். ஆகவே நிறைய இளவட்டங்கள் தேவை. முதலில் வந்து ஹைட்ரண்டை, அதாவது தெருவோரத் தண்ணீர்க் குழாயை, பிடித்த கம்பெனிக்குத்தான் பெருமை. ஒரு முரடனை முன்னால் ஓடவிட்டு ஹைட்ரண்டின்மேல் உட்காரவைப்பார்கள், போட்டிக் கம்பெனி வந்தால் மண்டை உடையும். வீடு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இளைஞர் கூட்டம் இருக்கிற இடத்தில் அரசியல்வாதிக்கு என்ன வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க்கின் ஊழல் மன்னன் ட்வீட், அமெரிகஸ் 6-ம் எண் கம்பெனியின் ஃபோர்மேனாக (அணித்தலைவராக) இருந்துதான் மேலே வந்தார். அந்த வண்டியின் புலிச் சின்னம்தான் பிறகு கேலிச்சித்திரங்களில் அவர் கட்சிக்கும்பலின் புலியாகத் திரிந்தது. பிலடெல்பியாவில் மொயமென்சிங் ஹோஸ் கம்பெனியோடு சேர்ந்து திரிந்த கும்பலுக்கு "கொலைகாரர்கள்" என்றே பெயர்.

சின்சினாட்டிக்கு முதலில் அலுத்துப்போயிற்று. 1853 ஏப்ரல் 1 அன்று சம்பளத் தீயணைப்புத் துறை, கூடவே நீராவிப் பம்பு. இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல் இல்லை. நீராவி வந்தால் தடி அமுக்க ஆள்படை வேண்டாம், ஆள்படை போனால் ஓட்டுப்படையும் போச்சு. தன்னார்வலர்கள் அந்த இயந்திரத்தை எதிர்த்ததற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து. அப்புறம் நியூயார்க் 1865, பிலடெல்பியா 1871. யூனியன் கம்பெனி பிறந்த ஊரிலேயே தன்னார்வம் முடிந்துபோனது.

இன்றைக்கும் சீஃபின் சட்டைக் காலரில் குழல் குழலாக ஒரு சின்னம் பார்ப்பீர்கள். அடிதடிச் சத்தத்துக்கு மேலே ஃபோர்மேன் கத்துவதற்கு வைத்திருந்த பித்தளைக் குழல் அது. அடிக்கவும் தோதான ஆயுதம் என்பார் எங்கள் பழைய சீஃப்.

13 மார்ச்

காப்பீட்டு நிறுவனம் சுவரில் பதிக்கும் அடையாளத் தகடு இல்லாத வீட்டை அந்தக் காலத்தில் எரியவிட்டுவிடுவார்கள் என்று இங்கே இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். லண்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் சொந்தத் தீயணைப்புப் படை வைத்திருந்தன, கதை அங்கிருந்து கப்பலேறி வந்தது. பிலடெல்பியாவில் தகடு உண்டு. 1752-ல் ஃப்ராங்க்ளினும் சேர்ந்து தொடங்கிய காண்ட்ரிப்யூஷன்ஷிப் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் தகட்டில் நான்கு கைகள் ஒன்றையொன்று பிடித்திருக்கும், பழைய வீட்டுச் சுவர்களில் இன்றும் பார்க்கலாம். ஆனால் தன்னார்வக் கம்பெனிகள் காப்பீட்டாருக்குச் சொந்தமானவை அல்ல, தகட்டைப் பார்த்து வேலை செய்தவர்களும் அல்ல.

அந்த நிறுவனம் வாசலில் மரம் இருக்கிற வீடுகளுக்குக் காப்பீடு தராமல் நிறுத்திக்கொண்டது. கோபித்துக்கொண்டு சிலர் பிரிந்துபோய் 1784-ல் வேறொன்று தொடங்கினார்கள், அதன் தகட்டில் பச்சை மரம். வீம்புக்கு வைத்த சின்னம் என்றால் இதுதான்.

15 மார்ச், மாலை

பணம். இதைத்தானே முதலில் கேட்டீர்கள்.

புதிதாக ஒரு பம்பர் (தண்ணீர் பீய்ச்சும்) வண்டி வாங்கப் போனால் விலை 10 லட்சம் டாலரைத் தொடுகிறது, ஆர்டர் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு ஆளுக்குத் தலை முதல் கால் வரை கியர் (பாதுகாப்பு உடை) போட்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் மாட்டிவிட்டால், அவர் நின்றபடியே ஒரு பழைய காரின் விலை. கியர் 10 ஆண்டு ஆனால் கழித்துக்கட்ட வேண்டும், பார்க்கப் புதிதாக இருந்தாலும் சரி.

பென்சில்வேனியாவில் ஒரு சுவாரஸ்யமான வரி இருக்கிறது. வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்கள் இங்கே விற்கும் தீக்காப்பீட்டுப் பிரீமியத்தில் 2 சதவீதத்தை மாநிலம் பிடித்து, ஊராட்சிகள் வழியாகத் தன்னார்வலர்களின் நிவாரணச் சங்கங்களுக்குக் கொடுக்கிறது. பாதுகாப்புக் கருவி, பயிற்சி, அடிபட்டால் உதவி, இதற்கெல்லாம் அது. சில டவுன்ஷிப்புகள் தீ வரி என்று தனியாகவும் போடுகின்றன. மத்திய அரசின் மானியத் திட்டம் 2001 முதல் இருக்கிறது, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் இருந்தால் கிடைக்கும். இவ்வளவும் போக விழும் துண்டைத்தான் பேன்கேக் நிரப்புகிறது. பிங்கோ என்ற எண் அட்டை விளையாட்டுக்கு மாநிலத்தில் தனிச் சட்டமே உண்டு. சீட்டு கிழித்துப் பார்க்கிற சின்னச் சின்ன அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கு 1988-ல் ஒரு சட்டம் வந்தது, சங்கங்களும் தீயணைப்புக் கம்பெனிகளும் பிழைக்கட்டும் என்று.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல் விற்பனை. இன்றும் உண்டு, அங்கிருந்துதான் எழுதுகிறேன். நான் சைவம் என்பதால் என்னை உருளைக்கிழங்குப் பக்கம் நிறுத்தியிருக்கிறார்கள். இங்கே முதல் விதி, அழைப்பு வந்ததைச் சொல்லும் பேஜர் அடித்தால் ஓடுவதற்கு முன் எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை அணைக்க வேண்டும். தீயணைப்பு நிலையம் தீப்பிடித்தால் பக்கத்து ஊர்க் கம்பெனி வந்து அணைக்கும், அந்த மானக்கேட்டுக்கு மருந்தே கிடையாது.

16 மார்ச், விடிகாலை

நேற்று எழுதி முடித்த கையோடு பேஜர் அடித்தது. ஹைட்ரண்ட் இல்லாத பகுதி, பண்ணைக் கொட்டகை, வைக்கோல். இதுவரை நான் எழுதிய வரலாற்றைவிட இது பயன்படும் என்பதால் தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

எங்கள் வண்டியின் தொட்டியில் 1,000 கேலன் தண்ணீர். ஒரு ஹோஸ் நிமிடத்துக்கு 150 கேலன் குடிக்கும். கணக்குப் போடுங்கள், ஏழு நிமிடத்துக்குள் தொட்டி காலி. இரண்டு ஹோஸ் திறந்தால் அதில் பாதி. எனவே சீஃப் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி தீயைப் பற்றியது அல்ல, அடுத்த தண்ணீர் எங்கே என்பது. பக்கத்து மூன்று ஊர்களிலிருந்து டேங்கர்கள் வந்தன. பரஸ்பர உதவி என்று ஊர்களுக்கிடையே எழுதி வைத்த ஒப்பந்தம் அது, நேற்று அவர்கள், அடுத்த வாரம் நாங்கள். சாலையோரம் ஒரு மடக்குத் தொட்டியை விரித்தோம். இரும்புச் சட்டம், உள்ளே தடித்த கேன்வாஸ், பெரிய தரைக்குளம் போல இருக்கும். டேங்கர் பின்னால் வந்து வாயைத் திறந்து மொத்தத்தையும் கொட்டிவிட்டு உடனே ஓடையை நோக்கித் திரும்பிப் போகும். அடுத்தது வரும். பம்பர் அந்தத் தொட்டியிலிருந்து உறிஞ்சும். இந்தச் சுற்று அறுந்தால் உள்ளே ஹோஸ் பிடித்திருப்பவன் கையில் வெறும் ரப்பர்தான்.

என் வேலை தொட்டி ஓரத்தில். தண்ணீர் மட்டம் பார்ப்பது, கை காட்டுவது, கொட்டும் வாயைத் திறப்பது. முழங்கால் வரை சேறு. ஒரு நெருப்பையும் கிட்டே பார்க்கவில்லை. கொட்டகை போய்விட்டது, பத்தடி தள்ளியிருந்த வீட்டில் வெளிச்சுவரின் வினைல் உருகியதோடு சரி.

திரும்பி வந்தபின்தான் பாதி வேலை. நனைந்த ஹோஸை இழுத்துக் கழுவி, காய்ந்ததை எடுத்து வண்டியின் படுக்கையில் முன்னும் பின்னுமாக மடித்து அடுக்க வேண்டும். மடிப்பின் நுனிகள் ஒரே கோட்டில் நிற்கக் கூடாது, ஒன்று உள்ளே ஒன்று வெளியே, இல்லாவிட்டால் இழுக்கும்போது சிக்கும். மணி மூன்றுக்கு ஆறு பேர் இதைச் செய்துகொண்டு பேஸ்பால் பேசினார்கள். எனக்கு பேஸ்பால் இன்னும் புரியவில்லை.

19 மார்ச்

"உங்களை எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள்?" என்று தனியாகக் கேட்ட சகோதரிக்கு.

ஓட்டுப் போட்டுத்தான். விண்ணப்பத்தை மாதக்கூட்டத்தில் வாசிப்பார்கள், சேர்ப்பதா வேண்டாமா என்று உறுப்பினர்கள் முடிவு செய்வார்கள், அப்புறம் ஒரு சோதனைக் காலம். இப்போது கை தூக்கினால் போதும். முன்பு மரப்பெட்டிக்குள் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள், அந்தப் பெட்டி எங்கள் கூட்ட அறை அலமாரியில் இன்னும் இருக்கிறது. என் பெயரை வாசித்தபோது செயலாளர் மூன்று இடத்தில் திக்கினார், யாரோ சிரித்தார்கள். முதல் சில மாதங்கள் நான் இருக்கும்போது பேச்சு கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. பகை என்று சொல்ல மாட்டேன், தாத்தா, அப்பா, மகன் என்று வந்த குடும்பங்களுக்கு நடுவில் வெளியாள் ஒருவன் வந்தால் எழும் மௌனம் அது. ஹோஸ் மடிக்கக் கற்றுக்கொண்டபின் கலைந்துவிட்டது.

எல்லாருக்கும் அப்படிக் கலையவில்லை. 1818-ல் பிலடெல்பியாவின் சுதந்திரக் கறுப்பின மக்கள் ஆஃப்ரிக்கன் ஃபயர் அசோசியேஷன் என்று ஒன்று அமைக்க முயன்றார்கள். வெள்ளையர் கம்பெனிகள் ஒன்றுகூடி எதிர்த்தன. தீ எரிந்தால் உதவுகிறோம் என்று வந்தவர்களையே வேண்டாம் என்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. ஏறக்குறைய அதே காலத்தில் நியூயார்க்கில் மோலி வில்லியம்ஸ் என்ற அடிமைப்பெண், ஓஷனஸ் 11-ம் எண் கம்பெனியின் ஆண்கள் நோயில் படுத்துக்கிடந்த ஒரு பனிப்புயலில் பம்பு வண்டியைக் கயிறு பிடித்து இழுத்துப்போனார் என்று சொல்வார்கள். அவரைப் பற்றிய கதைகள் எல்லாம் அவரது உடையையும் ஏப்ரனையும் விவரிக்கின்றன. அவருக்குச் சம்பளம் உண்டா என்று ஒன்றும் கேட்பதில்லை.

10-ம் தேதி "யார் வீடு எரிந்தாலும் போனார்கள்" என்று புகழ்ந்தேனே, அதன் பக்கத்தில் இதை வைத்துப் படியுங்கள். யார் வீட்டுக்கும் போவது ஒன்று, யாரையும் உள்ளே சேர்ப்பது வேறு.

20 மார்ச்

பூனையை மரத்திலிருந்து இறக்குவீர்களா என்று கேட்டவருக்கு: மரத்தில் பூனை எலும்புக்கூட்டை யாராவது பார்த்திருக்கிறீர்களா? தானாக இறங்கும்.

24 மார்ச்

உருப்படியான கேள்வி இப்போதுதான் வந்திருக்கிறது: இது இன்னும் எத்தனை நாள் ஓடும்?

1984-ல் நாடு முழுக்க 8,97,750 தன்னார்வலர்கள். மேலே சொன்ன 2020 எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், இடையில் மக்கள்தொகை ஏறியிருக்கிறது. பென்சில்வேனியா நிலைமை இன்னும் மோசம். 1970-களில் 3 லட்சம் பேர், 2018-ல் மாநிலச் சட்டமன்றம் அமைத்த ஆணையத்தின் அறிக்கையில் சுமார் 38,000.

சோம்பேறித் தலைமுறை, ஃபோனை விட்டு எழுவதில்லை என்று புலம்புவார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. அந்தக் காலத்தில் ஊரிலேயே ஆலை இருந்தது, சைரன் அடித்தால் முதலாளி போகச் சொன்னார், ஏனென்றால் அவர் வீடும் அதே தெருவில். இப்போது ஆட்கள் ஒரு மணி நேரம் ஓட்டி வேலைக்குப் போகிறார்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை. சேர்ந்ததும் 150 மணி நேரத்துக்கு மேல் அடிப்படைப் பயிற்சி, மாலைகளும் சனிக்கிழமைகளும் அதற்கே போகும். இத்தனைக்குப் பிறகு மீன் வறுக்கவும் வர வேண்டும். பகல் 11 மணிக்கு அலாரம் அடித்தால் எங்கள் ஊரில் வருகிறவர்கள் ஓய்வு பெற்றவர்களும் என்னைப் போல வீட்டிலிருந்து கணினி தட்டுகிறவர்களும்தான். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் தீக்குப் போனேன் என்று சொன்னபோது மேலாளர் அதைச் சொந்த விடுப்பில் கழித்தார், அதற்குப் பிறகு நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அழைப்புகளும் கூடிவிட்டன. நாட்டில் தீயணைப்புத் துறைகளுக்கு வரும் அழைப்புகளில் உண்மையான தீ நூற்றுக்கு நாலு. மீதி விபத்து, மூச்சுத் திணறல், அறுந்து விழுந்த கம்பி, அடித்தளத்தில் வெள்ளம், கருகிய பாப்கார்ன்.

25 மார்ச்

ஒரு பெரியவர் சற்றுக் கடுமையாகவே கேட்டார்: பயிற்சி பெற்ற சம்பளக்காரர் வர வேண்டிய இடத்துக்கு அரைகுறைகள் வருவது ஆபத்தில்லையா?

இரண்டு ஊர்களைச் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11, ஷாங்க்ஸ்வில், பென்சில்வேனியா. 250 பேர்கூட இல்லாத ஊர். கடத்தப்பட்ட 93-ம் எண் விமானம் விழுந்த வயலுக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அந்த ஊர்த் தன்னார்வக் கம்பெனியும் ஒன்று. அணைக்கவும் மீட்கவும் அதிகம் இல்லை. ஆனாலும் அவர்கள்தான் போனார்கள், அதற்குப் பிறகு துக்கம் விசாரிக்க வந்த நாட்டையே அந்தச் சின்ன ஊர்தான் வரவேற்றது.

மற்றது டெக்சஸில் வெஸ்ட் என்ற ஊர், 2013 ஏப்ரல் 17. உரக் கிடங்கில் தீ. தன்னார்வலர்கள் போனார்கள், உள்ளே இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இறந்த 15 பேரில் 12 பேர் உதவப் போனவர்கள். அந்தப் பொருள் எப்படி நடந்துகொள்ளும் என்று அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணை சொன்னது. தைரியத்துக்கு ஒரு குறைவுமில்லை. பெரியவரின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

27 மார்ச்

இரண்டு நாளாக அந்தக் கேள்வியே ஓடுகிறது. இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூ.எல். நிறுவனம் 2009-ல் ஒரு சோதனை செய்தது. பழைய காலத்து மரச்சாமான், பருத்தி மெத்தை போட்ட அறை, இன்றைய ஃபோம் சோபா போட்ட அறை, இரண்டுக்கும் தீ. பழைய அறை முழுக்கப் பற்ற ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. புதியது நாலு நிமிடத்துக்குள். வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஓடி, கால்சட்டைக்குள் சொருகி வைத்த பூட்ஸில் காலை விட்டு, வண்டியில் ஏறுவதற்கே எனக்கு அவ்வளவு நேரம் ஆகிவிடும். சம்பளக்காரர் நிலையத்திலேயே தூங்குகிறார். இதில் நான் வாதாட ஒன்றுமில்லை. (படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள். தீயை அந்த ஒரு பலகை நிறுத்தி வைக்கும்.)

ஆனால் வருடத்துக்குச் சில நூறு அழைப்பு வருகிற ஊரில் 24 மணி நேரமும் வண்டிக்கு நாலு பேரைச் சம்பளத்துக்கு வைத்தால், விடுப்பு எல்லாம் கணக்கிட்டுப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டும். உங்கள் சொத்துவரிக் கடிதத்தை அப்போது பார்க்க வேண்டுமே. நடுவழியாகப் பகலில் சம்பளக்காரர், இரவில் தன்னார்வலர் என்று பல ஊர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பக்கத்துக் கம்பெனிகள் ஒன்றாக இணைகின்றன. எங்களிலேயே அதற்கு எதிர்ப்பு உண்டு, 1900-களின் தொடக்கத்திலிருந்து வண்டிக்கதவில் இருக்கும் பெயரை யார் அழிப்பது என்று. பெயருக்காக ஊரை விடக்கூடாது என்பது என் கட்சி. கூட்டத்தில் இதைச் சொல்லி, இரண்டு மாதம் என்னோடு சிலர் பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. சம்பளத் துறை வந்தால் தீ அணையும். தேர்தல் நாளில் ஓட்டுப்பெட்டி எங்கே வைப்பார்கள், ரத்ததான முகாம் எங்கே, மின்சாரம் போன பனிக்காலத்தில் ஹீட்டருக்கும் காப்பிக்கும் வயதானவர்கள் எங்கே போவார்கள்? இப்போது எல்லாம் எங்கள் கூடத்தில் நடக்கிறது. பிங்கோ இரவில் தவறாமல் வரும் பாட்டி ஒருத்தி இரண்டு வாரம் வராவிட்டால் யாராவது கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள். இதற்கு எந்த பட்ஜெட்டிலும் தலைப்பு கிடையாது. முதல் நாள் "கிளப்" என்றீர்களே, அதை நான் மறுக்காததற்குக் காரணம் இதுதான். கிளப் இல்லாவிட்டால் ராத்திரி 2 மணிக்கு யாரும் எழுந்து வரமாட்டார்கள்.

2 ஏப்ரல்

கேள்வி கேட்டவரே மறுபடி எழுதியிருக்கிறார்: பேன்கேக் சாப்பிடப் போனாராம், சேரலாமா என்று யோசிக்கிறாராம், 46 வயது, முழங்கால் வலி.

முழங்கால் வலியோடு ஏணி ஏறாதீர்கள். பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைக் கொல்வது நெருப்பு அல்ல, இதயம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பென்சில்வேனியாவில் ஃபயர் போலீஸ் என்று ஒரு பிரிவு உண்டு, விபத்து நடந்த இடத்தில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவது, உடம்புக்கு ஏற்ற வேலை, ஆனால் ஃபோனைப் பார்த்துக்கொண்டே ஓட்டி வருகிறவர்களிடம் ஜாக்கிரதை. மானிய விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். கணக்கு வைக்க ஆள் வேண்டும். காருக்கு நீல விளக்கு தருவார்கள், அதை வைத்துக்கொண்டு சிவப்பு சிக்னலைத் தாண்டக்கூடாது. வழி கேட்கத்தான் அது, வழி பறிக்க இல்லை.

பயிற்சி இரவு என்றைக்கு என்று நிலையத்தில் கேட்டு அன்றைக்குப் போங்கள். தீவைப்புக் குற்றம் எதுவும் இல்லை என்று காவல்துறைச் சான்று கேட்பார்கள். சிரிக்காதீர்கள், தானே கொளுத்திவிட்டு முதல் ஆளாக ஓடிவரும் பேர்வழிகள் பல மாநிலங்களில் அகப்பட்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தில் வேறு திறமைகள் என்று ஒரு கட்டம் இருந்தால் எக்செல் தெரியும் என்று எழுதுங்கள். எங்கள் பொருளாளர் இன்னும் பச்சை லெட்ஜரில் பென்சிலால் கூட்டுகிறார், உங்கள் ஊர்க்காரரும் அப்படித்தான் இருப்பார், அன்றைக்கே பொறுப்பை ஒப்படைத்துவிடுவார்.